அரச கையெழுத்து: எழுதிக் கேட்பதா, ஏலத்தில் எடுப்பதா, காரைக்குடியில் தேடுவதா?

முப்பதாயிரம் ரூபாயோடு அரச குடும்பத்தாரின் கையெழுத்து சேகரிக்க இறங்குகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. அரண்மனைகளுக்கு நாமே கடிதம் எழுதி, வரும் பதில்களைச் சேர்க்கலாம். வெளிநாட்டு ஏலத்திலோ வியாபாரியிடமோ ராஜா ராணி கையெழுத்திட்ட கடிதத்தையோ கிறிஸ்துமஸ் அட்டையையோ விலைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் உள்ளூரிலேயே, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் பழைய வீட்டுப் பெட்டகங்களிலும் சமஸ்தானத்துக் காகிதங்களைத் தேடலாம்.

தேவகோட்டையில் இருக்கும் என் அக்கா மகன் கேட்டது இதைத்தான். "எதுல அம்மான் பணத்தைப் போடலாம்?" அவன் மனசு ஏலத்தின் பக்கம். கைபேசியில் ஏலப் பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து, எலிசபெத் ராணியின் அட்டை ஒன்றாவது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நான் சொன்னது அதற்கு நேர் எதிர். முதலில் கடிதம் எழுது, பணத்தை உள்ளூரில் செலவழி, ஏலத்துக்குக் கடைசியாகப் போ. அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

அரண்மனைக்கு எழுதுவது

செலவு என்று பார்த்தால் இதில் தபால் கட்டணம் மட்டும்தான். ஆனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் அரச குடும்பத்தார் கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. அதைப் பார்த்துப் போலி செய்துவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆகவே "உங்கள் ஆட்டோகிராஃப் அனுப்புங்கள்" என்று எழுதினால் மரியாதையான மறுப்புதான் வரும்.

கடிதத்துக்குப் பதில் வருவது வேறு விஷயம். அரண்மனையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எலிசபெத் ராணி காலத்தில், அவருடைய தோழிப்பெண்கள் கையெழுத்திட்ட பதில்கள் உலகம் முழுக்கப் போயின. பிறந்தநாளுக்கோ குழந்தை பிறந்ததற்கோ வாழ்த்து அனுப்பினால், ஒரு புகைப்பட அட்டை நன்றி வாசகத்தோடு வந்து சேரும் வாய்ப்பு நிறைய. அதில் இருப்பது அச்சு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதைக் கையெழுத்து என்று யாரிடமும் விற்கவும் முடியாது, விற்கவும் கூடாது.

பிறகு எதற்கு எழுதுவது என்றால், உறைக்காகவும்தான். அந்த உறையைப் பிரிக்கும்போது ஓரத்தில் கத்தரியால் ஒழுங்காக வெட்டுங்கள். பக்கிங்ஹாம் அரண்மனைக்குள்ளேயே தபால் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து போகும் உறையில் அரசரின் முதலெழுத்துகளால் ஆன சின்னத்தை முத்திரையாகப் பொறிக்கிறார்கள். சார்லஸுக்கான எழுத்துகள், சி-யும் ஆர்-உம் பின்னிக்கொண்டு நடுவில் ரோமன் மூன்று, மேலே கிரீடம், 2022 செப்டம்பர் இறுதியில் வெளியிடப்பட்டன. அதற்கு முன் ராணியின் இ-யும் ஆர்-உம் நடுவில் ரோமன் இரண்டும். உங்கள் பெயரும் காரைக்குடி முகவரியும் தட்டச்சாகி, அந்த முத்திரையோடு வந்த உறையை யாரும் போலி என்று சொல்ல முடியாது. சேகரிப்பில் சந்தேகமே இல்லாத முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

எழுத வேண்டிய முகவரி பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன், எஸ்டபிள்யூ1ஏ 1ஏஏ. தொடக்கத்தில் 'யுவர் மெஜஸ்டி' என்று எழுதுவது மரபு. கையால் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வெறும் புகழ்ச்சியை விட, சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும் கடிதம் எப்போதும் நல்லது. சார்லஸுக்குக் கைவினை மேல் பற்று உண்டு. மரபுக் கலைகளுக்கென்றே லண்டனில் ஒரு பள்ளியை நடத்த வைத்தவர் அவர். நம்மிடம் ஆத்தங்குடிக் கல் இருக்கிறதே! கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். நெருப்பு, சூளை எதுவும் கிடையாது. கண்ணாடியில் பட்ட பக்கம்தான் பளபளப்பாக வருகிறது. இதை உங்கள் வீட்டுத் தரையின் புகைப்படம் ஒன்றோடு எழுதிப் போடுங்கள். அச்சடித்த நன்றி அட்டைக்குப் பதில், நீங்கள் சொன்னதைக் குறிப்பிட்டு ஒரு செயலாளர் எழுதிய பதில் வந்தால் அது நல்ல வரவு.

மற்ற அரண்மனைகளையும் விடவேண்டாம். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்பெயின், மொனாக்கோ எல்லாவற்றுக்கும் அலுவலகம் இருக்கிறது, இணையத்தில் முகவரி கிடைக்கிறது. ஆட்சி மாறும் சமயம் எழுதுவது நல்ல உத்தி. 2024 ஜனவரி 14 அன்று டென்மார்க்கில் மார்கரெத்தே ராணி விலகி மகன் பிரெடெரிக் வந்தார். 2025 அக்டோபரில் லக்சம்பர்க்கில் கியோம் வந்தார். இப்படிப்பட்ட சமயத்தில் வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லவே புது அட்டை அச்சடிப்பார்கள். மலேசியாவை நம் ஊர்க்காரர்கள் மறக்கவே கூடாது. அங்கே ஒன்பது அரச வம்சங்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருவர் மாமன்னர். பினாங்கிலும் ஈப்போவிலும் உறவினர் இருக்கும் வீடுகள் இங்கே எத்தனையோ.

ஏலம்

உண்மையான மைக் கையெழுத்து வேண்டுமென்றால் பெரும்பாலும் இங்கேதான் வரவேண்டும். அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். எலிசபெத்தும் அவர் கணவர் பிலிப்பும் சேர்ந்து கையெழுத்திட்ட கிறிஸ்துமஸ் அட்டை லண்டன் ஏலங்களில் சில நூறு பவுண்டுக்குப் போகிறது. குறைந்தபட்சமாக 200 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் சேர்த்தால் 250. ஒரு பவுண்டு 110 ரூபாய் என்றால் அதுவே 27,500 ரூபாய். கூரியர் செலவு, வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், இங்கே வந்து இறங்கியதும் சுங்கம் எல்லாம் சேர்ந்தால் முப்பதாயிரம் காணாமல் போய்விடும். கையில் ஒரே ஒரு அட்டை.

அந்த அட்டை நல்லதுதானா என்பது அடுத்த கவலை. இதில் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் பாதிப் போலிகளைப் படத்தைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம்.

விக்டோரியா மகாராணி 1877 முதல் இந்தியப் பேரரசி. அதிலிருந்து அரசர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.ஐ. என்று போட்டார்கள். லத்தீனில் ஆர் என்றால் ராஜா அல்லது ராணி, ஐ என்றால் பேரரசர் அல்லது பேரரசி. ஆறாம் ஜார்ஜ் பேரரசர் பட்டத்தை முறைப்படி விட்டது 1948 ஜூனில். அதற்குப் பின் வெறும் ஆர் மட்டும். ஆகவே 1950ஆம் ஆண்டுக் கடிதத்தில் 'ஜார்ஜ் ஆர்.ஐ.' என்றிருந்தால் பக்கத்தை மூடிவிடலாம். எலிசபெத் ராணி ஆனது 1952 பிப்ரவரி 6. அதற்கு முந்தைய தேதியில் 'எலிசபெத் ஆர்' என்று இருந்தால் அது அவருடையது அல்ல. ஆனால் உடனே போலி என்றும் சொல்லிவிட முடியாது. அவருடைய அம்மாவின் பெயரும் எலிசபெத்தான். 1936 முதல் ராணியாக இருந்து, பிறகு ராஜமாதாவாக 2002 வரை வாழ்ந்த அவரும் 'எலிசபெத் ஆர்' என்றுதான் கையெழுத்திட்டார். அம்மாவுடைய அட்டையை மகளுடையது என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

பிலிப் இறந்தது 2021 ஏப்ரல் 9. இருவரும் சேர்ந்து போட்ட கடைசி கிறிஸ்துமஸ் அட்டை 2020இல்தான். ஆண்டுக்குச் சுமார் 750 அட்டைகளை அவர்கள் அனுப்பிவந்தார்கள். பழைய அட்டைகளின் முகப்பில் இருவரின் முதலெழுத்துச் சின்னங்களும் பொன்னிறத்தில் மேடாகப் பொறித்திருக்கும், உள்ளே அந்த வருடத்துக் குடும்பப் படம் இருக்கும். படத்தில் இருக்கும் குழந்தைகளின் வயதும் அட்டையின் ஆண்டும் ஒத்துப்போக வேண்டும். இதனால்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கும் தனிக் கையெழுத்தை விட அட்டை மேல் என்பேன். கையெழுத்தைச் சுற்றி எவ்வளவுக்குக் காகிதமும் படமும் பொறிப்பும் இருக்கிறதோ அவ்வளவுக்குப் போலி செய்வது கடினம். நோட்டிலிருந்து வெட்டி எடுத்த கையெழுத்து, சட்டம் போட்டு, கீழே பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து வருகிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் 'உண்மைச் சான்றிதழ்' அந்தக் காகிதத்தின் விலைகூடப் பெறாது.

அச்சு, இயந்திரம் இரண்டையும் கவனிக்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் 1918இல் விடுதலையான போர்க்கைதிகளுக்குக் கைப்பட எழுதியது போலவே ஒரு கடிதத்தை அச்சிட்டு ஆயிரக்கணக்கில் கொடுத்தார். இன்றும் அதை அசல் என்று ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒருவர் கையெழுத்தை அப்படியே திரும்பத் திரும்பப் போடும் இயந்திரப் பேனா இன்னும் தந்திரமானது, உண்மையான மையால் எழுதும். ஆனால் மனிதக் கை இரண்டு தடவை அச்சு அசலாக ஒரே மாதிரி எழுதாது. இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கையில் கோடு கோடாகப் பொருந்தினால் அது இயந்திரம்.

டயானா கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விலை அதிகம், போலியும் அதிகம். புதியவருக்கு அது வேண்டாத வேலை.

பெட்டகமும் பழம்பொருள் கடையும்

என் ஓட்டு இதற்குத்தான். அதற்காக இது சுலபம் என்று அர்த்தமில்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவில் போய் "ராஜா கடிதம் இருக்கா அண்ணே?" என்று கேட்டால், அந்த நிமிஷமே விலை ஏறிவிடும். பழைய கடிதக்கட்டு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ரங்கூன் பீங்கான், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம் இவற்றுக்குப் பின்னால் எங்கேயாவது தகரப் பெட்டியில் கட்டு கட்டாகக் கிடக்கும். துருப்பிடித்த குண்டூசி, மூலையில் இராமபாணம் அரித்த ஓட்டை, செல் தின்ற விளிம்பு. ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது பலவற்றில் உறை இருக்காது. இருந்தாலும் தபால்தலைக்காக மூலையை வெட்டியிருப்பார்கள். வெட்டியவருக்கு நாலணாத் தலை கிடைத்தது, நமக்குத் தேதி முத்திரை போயிற்று. உறை முழுசாக இருக்கும் கடிதத்துக்கு நான் தயங்காமல் இரட்டை விலை கொடுப்பேன்.

இந்தப் பக்கத்தில் கிடைக்கக்கூடியவற்றில் முதலிடம் புதுக்கோட்டைக்கு. தொண்டைமான் சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய யூனியனில் சேர்ந்தது. நகரத்தார் ஊர்களில் சில அந்தச் சமஸ்தானத்து எல்லைக்குள்ளேயே இருந்தவை. கொடுக்கல் வாங்கல், கோயில் திருப்பணி, கல்யாணம் என்று அரண்மனையோடு கடிதப் போக்குவரத்து இருந்தது இயல்பு.

வாங்குமுன் ராஜாக்களின் காலக்கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் கதையை அது ஒன்றுதான் சோதிக்கும். கடைசி ராஜா ராஜகோபாலத் தொண்டைமான் 1922இல் பிறந்தார். 1928இல் பட்டத்துக்கு வந்தபோது அவர் ஆறு வயதுக் குழந்தை. முழு ஆட்சி அதிகாரம் கைக்கு வந்தது 1944 ஜனவரியில். 1934 முதல் 1946 வரை நிர்வாகியாக இருந்தவர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேயர். ஆகவே '1935ஆம் வருஷத்து ராஜா உத்தரவு' என்று ஒன்று வந்தால், கீழே இருப்பது டாட்டன்ஹாம் கையெழுத்தா அவர் அலுவலகத்தாரின் கையெழுத்தா என்று பாருங்கள். ராஜா ஆள்பவராகக் கையெழுத்திட்டது நாலு வருஷத்துச் சொச்சம்தான். அந்தக் காலத்துக் காகிதம் கிடைத்தால் அது நல்ல வேட்டை. அதன் பிறகு அவர் 1997 வரை இருந்தார், தனிமனிதராக எழுதிய கடிதங்களும் வாழ்த்துகளும் கிடைக்கலாம், விலையும் கட்டுப்படியாகும்.

அவருக்கு முன்னவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1886 முதல் 1928 வரை. 1915இல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. கடைசியில் ஊரை விட்டு வெளிநாட்டிலேயே தங்கினார், இறந்ததும் பாரிஸில்தான். ஆகவே 1920களில் அவர் எழுதிய கடிதம் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுத் தபால்தலையோடுதான் வந்திருக்க வேண்டும். புதுக்கோட்டை முத்திரையோடு 1925ஆம் ஆண்டு ராஜா கடிதம் என்று காட்டினால் இரண்டு முறை யோசியுங்கள். ஆனால் அவர் சிறுவனாக இருந்த காலத்தில் எல்லாம் திவான் சேஷையா சாஸ்திரி கையில். 1878 முதல் 1894 வரை அவர்தான் நிர்வாகத்தை நடத்தினார். அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கடைகளில் 'ராஜா கடிதம்' என்றே சொல்வார்கள். திவான் கடிதம் என்று சொல்லித் திவான் விலைக்குக் கேளுங்கள். என்னைக் கேட்டால் திவான் கடிதங்கள் படிக்கவும் சுவையானவை. ராஜாக்கள் கையெழுத்துப் போட்டார்கள், திவான்கள் விஷயத்தை எழுதினார்கள்.

கானாடுகாத்தான் அரண்மனை சம்பந்தப்பட்டவை அரச கையெழுத்தில் சேருமா என்று ஒரு விவாதம் எப்போதும் வரும். அந்த அரண்மனைக் குடும்பத்து அண்ணாமலைச் செட்டியாருக்கு 'ராஜா' என்பது 1929இல் பிரிட்டிஷ் அரசு தந்த பரம்பரைப் பட்டம். ஆட்சி செய்த வம்சம் இல்லை. கறாரான சேகரிப்பாளர் தள்ளிவிடுவார். நான் தள்ளமாட்டேன், ஆனால் தனி ஆல்பத்தில் வைப்பேன். இதே போல மைசூர் ஜயசாமராஜ உடையார் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தார். ஆளுநர் மாளிகைத் தாளில் ஒரு மகாராஜாவின் கையெழுத்து கிடைக்கிற வாய்ப்பு இது. பலர் கவனிக்காமல் விட்டது. ராவ் பகதூர் பட்டயம் வைத்திருக்கும் வீடுகளில் மட்டும் ஏமாற வேண்டாம். "சக்கரவர்த்தியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் இருப்பது வைஸ்ராய் கையெழுத்து.

சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று. காகிதத்துக்கு வெண்மை ஏற்றும் ரசாயனம் 1950 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1930ஆம் ஆண்டுக் கடிதம் என்று சொல்லப்படும் தாள் அந்த விளக்கில் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். பால்பாயிண்ட் பேனாவும் 1940களின் நடுவில்தான் கடைக்கு வந்தது. பழைய மை தாளின் நாருக்குள் இறங்கி, பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். மடிப்பு விழுந்த பிறகு எழுதியிருந்தால் மடிப்புக் கோட்டில் மை கசிந்து பரவியிருக்கும். அதை அவசியம் பாருங்கள்.

சட்டம்தான் இந்த வழியின் சிக்கலான பக்கம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள் ஆகிவிடும். மற்றப் பொருள்களுக்குத்தான் 100 ஆண்டு. அப்படிப் பார்த்தால் சமஸ்தான காலத்துக் காகிதம் அத்தனையும் இப்போது அந்த எல்லைக்குள் வரக்கூடியது. உள்நாட்டில் வைத்திருக்கலாம். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் சரிபார்க்கும் நிறுவனத்துக்கு அசலைக் கூரியரில் போடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். துல்லியமான ஸ்கேன் மட்டும் அனுப்பலாம். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும் என்பதால், கடையில் பில் கேட்டு வாங்குங்கள். ஆவணக்காப்பக முத்திரையோ அரசு அலுவலகக் கோப்பு எண்ணோ இருக்கும் தாளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். அது எப்படி வெளியே வந்தது என்று ஒருநாள் உங்களைத்தான் கேட்பார்கள்.

வீட்டுப் பெட்டகத்திலிருந்து நேராக வாங்கும்போது வேறொரு சங்கடம். நம் வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. வளவில் ஆளுக்கொரு அறை, பெட்டகம் யாருடையது என்று யாருக்கும் நிச்சயமில்லை. சென்னையில் இருக்கும் ஒருவர் விற்றுவிட்டுப் போக, திருவிழாவுக்கு வந்த இன்னொருவர் "எங்க ஐயாவுக்கு வந்த கடுதாசியை யாரைக் கேட்டு வித்தீக?" என்று கிளம்பினால் பதில் சொல்ல முடியாது. வீட்டில் மூத்த ஆச்சி இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். விற்கிறவர் கையால் இரண்டு வரி எழுதி வாங்குங்கள், இன்ன வீட்டிலிருந்து, இன்ன தேதியில், மற்றப் பங்காளிகள் சம்மதத்தோடு என்று. ஏலக்காரர்கள் 'பூர்வீகம்' என்று பெரிதாகப் பேசும் விஷயம் அந்த இரண்டு வரிதான். கொடுக்கவில்லை என்றால் நல்ல படம் எடுத்துக்கொண்டு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

மூன்று வழியில் எதில் வந்தாலும், காகிதம் நம் ஊர் வெயிலையும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தையும் தாங்க வேண்டும். லேமினேட் செய்தால் கடிதம் செத்தது. செலோடேப்பும் அப்படியே. பாலியெஸ்டர் உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில், சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பட்டாலையில் மாட்டி வருகிறவர்களுக்குக் காட்ட ஆசையாக இருந்தால் நகலை மாட்டுங்கள். முற்றத்து வெளிச்சம் இரண்டு கோடையில் மையை வெளுக்க வைத்துவிடும். வசம்பைப் பெட்டிக்குள் போடலாம், தாளைத் தொடாமல் ஒரு துணி முடிச்சில்.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியவர் ஒருவர் உண்டு. சமஸ்தானத்தில் ஆர்வமே இல்லை, பிரிட்டிஷ் அரச குடும்பமான விண்ட்ஸர் குடும்பம் மட்டும்தான் வேண்டும் என்பவர் உள்ளூர்க் கடையில் பணத்தைச் சிதறவிடக் கூடாது. கடிதங்களை எழுதிக்கொண்டே, முப்பதாயிரம் அறுபதாகும் வரை காத்திருந்து, பெயர் பெற்ற ஏல நிறுவனம் ஒன்றில், படத்தோடு உள்ள எலிசபெத்-பிலிப் அட்டை ஒன்றை எடுப்பது மேல். 1960களின் அட்டையாகப் பார்த்தால், படத்தில் குழந்தைகள் வளர்வதை வைத்து ஆண்டைச் சரிபார்க்கவும் வசதி. ஏலத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதி, அட்டை யாருக்கு அனுப்பப்பட்டது, உறை இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் அந்த அட்டைக்குக் கை தூக்க வேண்டாம்.